வைத்தியருக்கும் படிப்பு முடிவதில்லை

மொன்றியல் துறைமுகத்துக்கு இன்று நடுப்பனிக்காலத்திலும் சரக்குக் கப்பல்கள் வந்து போகின்றன. 1964 ஜனவரியில் ஹெல்கா டான் என்ற டென்மார்க் கப்பல் உறைந்த சென் லோரன்ஸ் ஆற்றைக் கடந்து வந்து வழிகாட்டிய பிறகுதான் இந்த நிலைமை. அதற்கு முன்னர் பனி விழுந்தால் துறைமுகம் பூட்டுத்தான். அப்போது ஐரோப்பாவில் அச்சான மருத்துவ சஞ்சிகைகளும் கப்பலேறித்தான் கனடாவுக்கு வரவேண்டும். விலையும் கொள்ளை விலை.

மக்கில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த இளம் வைத்தியர் வில்லியம் ஒஸ்லருக்கு அவற்றைத் தனியே வாங்க வசதி இல்லை. 1875இல் சக வைத்தியர்களைச் சேர்த்து, செலவைப் பங்குபோட்டு வாசிக்க ஒரு வட்டம் தொடங்கினார். இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் நடக்கும் 'ஜேர்னல் கிளப்' கூட்டங்களின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

இப்போது கப்பலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கைபேசியைத் திறந்தால் பாடம் வருகிறது. கியூபெக்கில் 2019 ஜனவரி முதல் ஒவ்வொரு வைத்தியரும் 5 ஆண்டுகளில் 250 மணித்தியாலம் தொடர்கல்வி முடிக்கவேண்டும் என்பது விதி. இந்தியாவில் 2002ஆம் ஆண்டு விதிமுறை கேட்பது 5 ஆண்டுகளுக்கு 30 மணித்தியாலம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்!

'வைத்தியர் படித்தால் எங்களுக்கென்ன?' என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்லுறன். உடல் எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ கணக்கில் 25ஐத் தாண்டினால்தான் நீரிழிவுக்குச் சோதிக்கவேண்டும் என்று முன்பு சொன்னார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு 23 வந்தாலே சோதிக்கச் சொல்லி அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இல் மாற்றியது. மெலிந்த தேகம் என்று நாங்கள் நம்பும் எங்கட ஆக்களுக்கும் சீனி வருத்தம் வருவதால்தான் இந்த மாற்றம். இதை அறியாத வைத்தியரிடம் போகும் அம்மாவுக்கு வருத்தம் பிந்தித்தான் தெரியவரும்.

ஆனால் மணித்தியாலக் கணக்கு மட்டும் படிப்பாகிவிடாது. காணொளியை ஓடவிட்டு, தேத்தண்ணி குடித்து, கடைசியில் ஐந்து கேள்விக்கு விடை அழுத்தினாலும் சான்றிதழ் கிடைக்கிற பாடங்கள் உண்டு. மருந்துக் கம்பனி பணம் போட்டு இலவசமாகத் தரும் பாடங்களும் உண்டு. எந்த மருந்தின் பெயர் அதில் அடிக்கடி வருகிறது என்பதை வைத்தியர்தான் கவனிக்கவேண்டும்.

நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. இந்தியாவில் பிறந்த சஞ்சீவ் அரோரா என்ற ஈரல் நிபுணர் 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். தூரத்துக் கிராம வைத்தியர்கள் வாரந்தோறும் திரை வழியே கூடி, தங்கள் நோயாளியின் நிலைமையைச் சொல்லி நிபுணர்களோடு பேசுவார்கள். ஹெபடைடிஸ் சி நோயில் அந்தக் கிராம வைத்தியர்களின் சிகிச்சை பல்கலைக்கழக வைத்தியசாலைக்குச் சளைத்ததல்ல என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. மொன்றியலில் ஷ்யூம் வைத்தியசாலையும் நாட்பட்ட வலி பற்றி இதே முறையில் பிரெஞ்சு மொழியில் நடத்துகிறது. ஒஸ்லர் செய்ததும் ஏறக்குறைய இதுதான்: தனியே படிக்காமல், கூடிப் படித்தார்கள்.

மொன்றியல், ரொறன்ரோ, லண்டன் என்று எம் வைத்தியர்களும் தாதியரும் நிறைந்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் இங்கே சனிக்கிழமை காலை 8 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மாலை 6.30. மாதத்தில் ஒரு சனி, ஒரு மணித்தியாலம், வன்னியில் தனியே நின்று வேலை செய்யும் ஒரு வைத்தியர் தன் நோயாளியைப் பற்றித் தமிழிலேயே கேட்கட்டும். பெயர், அடையாளம் சொல்லத் தேவையில்லை. ஊர்ச் சங்கங்கள் வைத்தியசாலைக்குக் கட்டில் வாங்கி அனுப்புகின்றன, நல்ல காரியம். இந்த ஒரு மணித்தியாலத்தை ஒழுங்கு செய்ய அந்தளவு காசும் வேண்டாம். யார் தொடங்கப்போகிறீர்கள்?