நைட் ஷிப்டும் செர்ரிச் சாறும்

வடசென்னை டோல்கேட் பக்கம் ஊரடங்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. நள்ளிரவிலும் துறைமுகத்தைப் பார்த்துக் கண்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். தெற்கே காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். வடக்கே 1940-களின் இறுதியில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கி, பிறகு லாரிக்குப் பேர்போன எண்ணூர் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் டயர் ஆலை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. மற்றவர்கள் பல் துலக்கும் நேரத்தில் படுக்கப் போகிறவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

தூக்கம் கெட்டவர்களைத் தேடித்தான் ‘டார்ட் செர்ரி’ விளம்பரம் வருகிறது. மாத்திரை வேண்டாம், பழச்சாறே போதும் என்கிறது.

முதலில் பழத்தைப் பார்ப்போம். பேக்கரி கேக்கின் தலையில் சிவப்பாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் செர்ரியே இல்லை; சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த நம்ம ஊர் களாக்காய். காஷ்மீரிலிருந்து வருவது இனிப்புச் செர்ரி. தூக்கத்துக்குச் சொல்லப்படுவது மான்மொரன்சி என்ற புளிப்பு ரகம். அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் ஏராளமாக விளைகிறது. சென்னைக்கு அது பாட்டில் சாறாகவோ கேப்சூலாகவோதான் வருகிறது, விலையும் அதற்கேற்ப.

இந்தப் பழத்தில் மெலடோனின் இருப்பதை 2001-ல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். இருட்டியதும் மூளையின் பீனியல் சுரப்பி விடும் அதே பொருள்தான். அளவுதான் இடிக்கிறது. ஒரு கிராம் மான்மொரன்சியில் சுமார் 13 நானோகிராம். கடையில் விற்கும் 3 மில்லிகிராம் மெலடோனின் மாத்திரைக்கு ஈடுகட்ட 230 கிலோ பழம் தின்ன வேண்டும்! சாற்றைச் சுண்டக் காய்ச்சினாலும் கணக்கு மாத்திரையை எட்டாது.

அப்படியானால் எல்லாம் புருடாவா? அப்படியும் தள்ளிவிட முடியாது. 2012-ல் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகம் 20 பேருக்கு ஒரு வாரம் செறிவூட்டிய சாறு கொடுத்தது. தூக்கம் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் கூடியது. அவர்கள் தூக்கக் குறை இல்லாத ஆரோக்கியமானவர்கள். 2010-ல் தூக்கமின்மை உள்ள முதியோர் 15 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், நடுவில் விழித்துக் கிடக்கும் நேரம் சுமார் 17 நிமிடம் குறைந்தது. ஆனால் படுத்ததும் தூக்கம் பிடிப்பதில், ஒப்பிடக் கொடுத்த போலிச் சாற்றைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் தந்ததே ஒரு செர்ரிச் சாறு நிறுவனம். 2018-ல் லூசியானா ஆய்வு தூக்கம் 84 நிமிடம் கூடியதாகச் சொன்னது. அதை முடித்தவர்கள் வெறும் 8 பேர். தூக்கத்துக்கு வேண்டிய டிரிப்டோபான் உடலில் வீணாகாமல் செர்ரியின் புரோசயனிடின்கள் காக்கலாம் என்பது அவர்களது ஊகம்.

இந்த மூன்றும் இரவில் தூங்குகிறவர்களைப் பற்றியவை. டோல்கேட்காரரின் சிக்கல் வேறு. உடலின் கடிகாரத்தை ஓட்டுவது கண்ணில் விழும் வெளிச்சம். ஷிப்ட் முடிந்து காலை வெயிலில் பைக் ஓட்டி வரும்போதே மூளை ‘பொழுது விடிந்தது’ என்று கணக்கெழுதி, மெலடோனினை அடைத்துவிடுகிறது. பிறகு சிமென்ட் ஷீட் வீட்டில், ஜன்னல் வெளிச்சத்தில், குழாயடிச் சத்தத்தில் தூங்க வேண்டும். அங்கே ஒரு கப் சாறு என்ன செய்துவிடும்? வீடு வரும்வரை கூலிங் கிளாஸ், ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி, ஷிப்டின் பின்பாதியில் டீயை நிறுத்துவது: பாட்டில் விலையில் கால்வாசிகூட ஆகாது.

வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் லேபிளைப் படிக்கட்டும். 240 மில்லி சாற்றில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதையே தினம் இருவேளை குடித்தால் ‘சுகர்’ உள்ளவருக்கு ஆகாது. பழத்தின் சார்பிட்டால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டே தொடலாம்.

குறட்டையும் நடுநடுவே மூச்சு நிற்பதும், பகலில் ஸ்டியரிங் பிடிக்கும்போதே கண் சொருகுவதும் சேர்ந்திருந்தால் அது மூச்சுத்தடைத் தூக்கக் கோளாறாக இருக்கலாம். லாரி ஓட்டுநர்களிடம் அதிகம் காணப்படும் இதற்குச் சாறு எதுவும் செய்யாது. காட்ட வேண்டிய இடம் மருத்துவமனை. பக்கத்தில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.