உங்களுக்குத் தெரியுமா? வாக்குப்பெட்டி அடைத்த வகுப்பறைக் கதவு

ஐரோப்பிய மாணவர்கள் ஒன்றிரண்டு பருவங்கள் வேறொரு நாட்டில் படிக்க உதவும் எராஸ்மஸ் திட்டம் 1987-இல் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்தும் 2011-இல் அதில் முழுப் பங்காளியானது. 2014 பிப்ரவரி 9 அன்று, குடியேற்றத்துக்கு வரம்பு கட்டும் யோசனைக்கு சுவிஸ் வாக்காளர்களில் 50.3 சதவீதம் பேர் ஆதரவளித்தார்கள். இந்த முடிவால், முந்தைய ஆண்டுதான் ஒன்றியத்தில் சேர்ந்திருந்த குரோஷியாவின் மக்கள் தடையின்றி வந்து வேலை செய்ய வழிவிடும் உடன்படிக்கையில் கையெழுத்திட முடியாது என்றது சுவிஸ் அரசு. உடனே, சுவிட்சர்லாந்து எராஸ்மஸில் தொடர்வது பற்றிய பேச்சுவார்த்தையை ஒன்றியம் நிறுத்திவைத்தது. கடைசியில் எல்லாம் மாணவர்கள் தலையில்தான் விடிந்தது! சுவிட்சர்லாந்து சொந்தச் செலவில் மாற்றுத் திட்டம் கொண்டுவந்தது. வெளியே போகிறவர்களுக்கு மட்டுமல்ல, அங்கே படிக்க வரும் ஐரோப்பிய மாணவர்களுக்கும் அதுவே உதவித்தொகை கொடுத்தது.