புதிய கெப் வாங்குமுன் விலைகளை ஒப்பிடுதல்

விளைபொருளைத் தாமே சந்தைக்குக் கொண்டுசெல்ல விரும்பும் கமக்காரர் பலர், கெப் எனப்படும் சிறு பாரவூர்தியை வாங்க எண்ணுகின்றனர். 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், புதிய வாகனங்களுக்கு விலை கேட்டுப் பார்த்தல் இப்பொழுது இயலும். ஆயின், இரு முகவர் கூறும் தொகைகளை அவ்வாறே அருகருகே வைத்துப் பார்ப்பதாற் பயனில்லை. ஒருவர் விலையில் வரியும் பதிவுச் செலவும் அடங்கியிருக்கும். மற்றவர் விலையில் அவை அடங்கா. பெறுமதி சேர் வரி 2024 சனவரி தொடக்கம் நூற்றுக்கு 18 வீதமாகும். 60 இலட்சம் ரூபாவுக்கு இவ்வரி மாத்திரம் 10 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவாகும். ஆதலின், வாகனம் பதிவாகி, வீதியில் ஓடத்தக்க நிலையில் கைக்கு வரும்போது மொத்தச் செலவு எவ்வளவு என்பதையே எழுத்திற் பெறுதல் வேண்டும்.

அடுத்து, ஏற்றக்கூடிய பாரத்தைக் கணித்தல் வேண்டும். சுமையுடன் வாகனம் கொள்ளத்தக்க மொத்த நிறையிலிருந்து வெறும் வாகனத்தின் நிறையைக் கழித்தால் எஞ்சுவதே அதன் கொள்ளளவு. உதாரணமாக, மொத்தம் 2,800 கிலோகிராமும் வெறும் நிறை 1,700 கிலோகிராமும் ஆயின், 1,100 கிலோகிராம் ஏற்றலாம். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோகிராம் ஆகலின், இஃது 52 புசலாகும். ஆனால் 120 கிலோகிராம் நிறையுள்ள இரும்புச் சட்டமும் கூரையும் பூட்டி, 130 கிலோகிராம் நிறையுள்ள இருவர் முன்னே அமர்ந்தால், எஞ்சுவது 40 புசலே. பணங் கொடுத்துப் பூட்டும் ஒவ்வொரு பொருளும் சுமையிற் பங்கு கொள்ளும் என்பதை விற்போர் பெரும்பாலும் எடுத்துரைப்பதில்லை. இரட்டை ஆசன வரிசையுள்ள கெப்பின் பின்தட்டு ஏறக்குறைய ஐந்து அடி நீளமே. ஒற்றை வரிசையுள்ளதில் அஃது ஏழு அடிக்கு மேற்படும். மரக்கறி ஏற்றுவோருக்கு நிறையினும் இடமே முதலில் நிரம்புமாதலால், இவ்வேறுபாடு சிறிதன்று.

மேலதிகப் பொருத்துகளை முகவர் தனித்தனியே விற்பதில்லை, தொகுதிகளாகவே விற்கின்றனர். வேண்டிய ஒன்றைப் பெற வேண்டாத நான்கையும் வாங்க நேரிடும். இங்கு கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றுண்டு: பின்னர் எளிதிற் பூட்ட இயலாதவற்றிற்கு மட்டுமே தொழிற்சாலை விலை கொடுத்தல். காற்றுப் பைகள், சில்லுகள் இறுகாது தடுக்கும் பிறேக், பாரந் தாங்கும் பின்வில் என்பன அத்தகையன. பின் அச்சிலுள்ள இரு சில்லுகளையும் ஒருங்கே சுழலச் செய்யும் பூட்டும் அவ்வாறானதே. மாரியிற் சேறாகும் வயல் வீதிகளிற் செல்வோர்க்கு, நான்கு சில்லு இயக்கத்தினும் இப்பூட்டே மலிவாயும் பல வேளைகளிற் போதியதாயும் இருக்கும். தறப்பாள், பக்கச் சட்டம், இசைக்கருவி, ஆசன உறை ஆகியவற்றை ஊர்க் கராச்சுகளிலும் கடைகளிலும் குறைந்த விலைக்குப் பெறலாம். எனினும், வெளியே செய்யும் வேலையால் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதை முன்னரே கேட்டறிதல் நன்று.

அழகிய அகன்ற ரயர்கள் சில தொகுதிகளிற் சேர்ந்துவரும். ரயரின் பக்கத்திற் பொறிக்கப்பட்ட பாரக் குறியெண்ணை நோக்குக. 104 எனின் ஒரு ரயர் 900 கிலோகிராமும், 112 எனின் 1,120 கிலோகிராமும் தாங்கும். பாரம் ஏற்றுவோர் குறைந்த எண்ணுக்கு உடன்படலாகாது.

குத்தகைக் கடனில் வாங்குவோர் மிகவும் அவதானமாயிருத்தல் வேண்டும். 3 இலட்சம் ரூபாப் பெறுமதியான ஒரு தொகுதியை, முழுத்தொகைக்கும் ஆண்டுக்கு 12 வீத வட்டி என்னும் கணக்கில் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தால், செலுத்துவது 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா, மாதம் 8,000 ரூபா. மாதந்தோறும் குறைந்துவரும் நிலுவையின்மேற் கணித்தால் இவ்வட்டி ஏறக்குறைய 20 வீதமாகும். மேலும், கமக்காரர் கையிற் பணம் புழங்குவது பெரும்போக, சிறுபோக அறுவடைகளின் பின்னரே. தவணையோ மாதந்தோறும் வரும். ஒரு போகம் பொய்த்தாலும் தவணை நில்லாது. தவணைகளை அறுவடைக் காலங்களுக்கு இசைய அமைக்க இயலுமா என்று ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் கேட்க வேண்டும். இயலாதெனின், தொகுதியைக் கைவிட்டு அடிப்படை வாகனத்தை வாங்குதலே தக்கது.

வாகனத்தை ஏற்கும் நாளில், ஒப்புக்கொண்ட பொருத்துகள் யாவும் உளவா என எழுத்திலுள்ள பட்டியலுடன் ஒவ்வொன்றாய் ஒப்பிட்டபின்னரே மீதிப் பணத்தைச் செலுத்துக.