கல்கத்தாவும் மலேரியா மருந்துகளும்

கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்குரிய தீர்க்கமான சான்றை, 1898-ல் ரொனால்ட் ராஸ், பறவைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியால் எந்தக் கல்கத்தாவில் கண்டாரோ, அந்த மாநகரை மழைக்காலந்தோறும் அதே ஜுரம் இன்னும் வாட்டுவது மனத்தை வருத்துகிறது. மருந்து பலித்ததா என்பதை ஜுரம் தணிந்ததைக் கொண்டு மட்டும் நிர்ணயிக்கலாகாது. விரல் நுனியில் குத்தியெடுத்த ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்சாச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்து, குறித்த நாட்களில் இவ்வாறே 28 நாள் வரை சோதித்து, கிருமி மீளவில்லை என்று கண்ட பின்னரே அவ்வூர் ஸ்கூல் ஆஃப் ட்ராபிகல் மெடிசின் போன்ற ஸ்தாபனங்களின் ஆராய்ச்சியாளர்கள் மருந்து பலித்ததென்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்தச் சோதனையில் குளோரோகுயின் மருந்து, மலேரியாக் கிருமியின் வைவாக்ஸ் வகைக்கு இன்னும் கைகொடுக்கிறது. கொடிய ஃபால்சிபாரம் வகையிடமோ, 1973-ல் அஸ்ஸாமில் அதன் பலக்குறைவு புலப்பட்டது முதல், படிப்படியாகத் தோற்றது. ஆதலால், கிருமிகளை அதிவேகமாக அழித்தாலும் உடலில் நெடுநேரம் தங்காத ஆர்ட்டிசுனேட்டோடு, நின்று நிதானமாக வேலை செய்யும் மற்றொரு மருந்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

வைவாக்ஸ் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் எழுமாதலால், அதற்கு 14 நாள் பிரைமாகுயினும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. நான் பெரிதும் அஞ்சுவது, உடம்பு தேறிவிட்டதென்று அந்த மாத்திரைகளைப் பாதியில் நிறுத்திவிடும் வழக்கத்தைத்தான்.