ஊதியமா, மதிப்பூதியமா? ஒரு சொல்லில் சிக்கிய ஆஷா பணியாளர்களின் வாழ்க்கை

திருவனந்தபுரம்: கேரளத் தலைமைச் செயலகத்தின் முன்புள்ள நடைபாதை போராட்டங்களுக்குப் பழக்கப்பட்டது. ஆனால், 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி அங்கு வந்து அமர்ந்த ஆஷா சுகாதாரப் பணியாளர்கள், அந்த இடத்தை விட்டு எழ 265 நாள்கள் ஆயின.

மார்ச் மாதத் தொடக்கத்தில், மழைக்காக அவர்கள் கட்டியிருந்த தார்ப்பாய்களைக் காவல் துறையினர் நள்ளிரவுக்குப் பின் அகற்றினர். அதே மாதம் 13-ஆம் தேதி நகரமே ஆற்றுக்கால் பொங்கலில் மூழ்கியிருந்தபோது, இப்பெண்கள் போராட்டக் களத்திலேயே அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டனர். 20-ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கியது. போராட்டத்தின் 50-ஆவது நாளான மார்ச் 31-இல் பலர் தங்கள் தலைமுடியை வெட்டி எறிந்தனர். சிலர் மொட்டையடித்துக் கொண்டனர்.

மாநில அரசு அளித்துவந்த ரூ.7,000 மாத மதிப்பூதியத்தை ரூ.21,000-ஆக உயர்த்த வேண்டும். பணி நிறைவின்போது ரூ.5 லட்சம் வழங்க வேண்டும் என்பவை கேரள ஆஷா சுகாதாரப் பணியாளர் சங்கத்தின் முக்கியக் கோரிக்கைகள். அதாவது, நாள் ஒன்றுக்கு ரூ.700. அப்போது கிடைத்துவந்த மதிப்பூதியத்தை 30 நாள்களுக்குப் பகிர்ந்தால் கிடைப்பது சுமார் ரூ.233.

கூலி உயர்ந்த மாநிலத்தில்...

இந்தத் தொகையின் சிறுமையைக் கேரளத்தின் பிற கூலி விகிதங்களோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். 2025-26-ஆம் ஆண்டில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் கேரளத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ரூ.369. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23-இல் கேரள ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி ரூ.850-ஐத் தாண்டியிருந்தது. இது நாட்டின் பெரிய மாநிலங்களிலேயே மிக அதிகம். கூலி உயர்ந்த ஊரில் அரிசியும் காய்கறியும் வீட்டு வாடகையும் உயர்ந்தே இருக்கும். அந்த விலையைத்தான் ஆஷா பணியாளரும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மதிப்பூதியம் மட்டுமே வருமானம் அல்ல என்பது மாநில அரசின் வாதம். நிலையான ஊக்கத்தொகை, செய்யும் பணிக்கேற்ற ஊக்கத்தொகை, கைப்பேசிப் படி ஆகியவற்றையும் சேர்த்தால் மாதம் ரூ.13,200 வரை கிடைக்கும் என்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் வீணா ஜார்ஜ் தெரிவித்தார். அந்த உச்சத் தொகை தங்களில் பெரும்பாலோருக்கு எட்டாக்கனி என்பது போராடியவர்களின் பதில். பத்து நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் மதிப்பூதியமே முழுமையாகக் கிடைக்கும் என்ற நிலையும் இருந்தது. தலைமைச் செயலகத்தை அவர்கள் முற்றுகையிட்ட மார்ச் 17-ஆம் தேதிதான் அந்த நிபந்தனைகளை அரசு விலக்கிக்கொண்டது.

அரசு கூறிய முழுத் தொகையையே எடுத்துக் கொண்டாலும், நாள் ஒன்றுக்கு ரூ.440 மட்டுமே. பேருந்துக் கட்டணம் முதலிய அலைச்சல் செலவும் இதிலிருந்தே போக வேண்டும். மாநிலத்தில் 2022 மே மாதம் முதல் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணமே ரூ.10. மேலும், போராட்டம் தொடங்கியபோது மதிப்பூதியம் மூன்று மாதங்களாக நிலுவையில் இருந்தது. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்லும் குடும்பத்துக்கு, தொகையின் அளவைப் போலவே அது வந்துசேரும் தேதியும் முக்கியம். போராட வந்தவர்களில் கணவரை இழந்தவர்களும், குடும்பத்தின் ஒரே வருமானமாக இத்தொகையை நம்பியிருப்பவர்களும் இருந்தனர்.

தொண்டா, வேலையா?

தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005 ஏப்ரலில் தொடங்கப்பட்டபோது உருவானது ஆஷா திட்டம். ஆயிரம் பேருக்கு ஒருவர் என உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, கர்ப்பிணிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடச் செய்வது போன்ற பணிகளை ஒப்படைப்பதே நோக்கம். வாரத்தில் சில நாள்கள், நாளுக்குச் சில மணி நேரம் செய்யும் தொண்டாகவே இது கருதப்பட்டது. எனவே ஊதியம் இல்லை. செய்த பணிக்கு ஊக்கத்தொகை மட்டும்.

ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கும் கேரளத்தில் பணியின் தன்மை வேறு. படுக்கையில் கிடக்கும் முதியோரைக் கவனிப்பது, முப்பது வயதைக் கடந்தவர்களிடம் ரத்த அழுத்தம், நீரிழிவு பற்றிய விவரங்களைத் திரட்டிக் கைப்பேசிச் செயலியில் பதிவது, டெங்கு, எலிக்காய்ச்சல் காலங்களில் வீடுவீடாகச் செல்வது என ஆண்டு முழுவதும் வேலை. கரோனா காலத்தில் தனிமைப்படுத்தப்பட்டோரின் வீட்டு வாசலில் நின்றவர்களும் இவர்களே. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு விருது அளித்துக் கௌரவித்தது. ஆனால், அவர்களைக் குறிக்கும் சொல் மாறவில்லை.

அச்சொல்லில்தான் சிக்கல் உள்ளது. இதே திருவனந்தபுரத்தில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2018 ஏப்ரல் 23-ஆம் தேதி மாநில அரசு குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையை வெளியிட்டது. செவிலியருக்குக் குறைந்தபட்சம் ரூ.20,000 என்று அது நிர்ணயித்தது. செவிலியர் உதவியாளர், துப்புரவுப் பணியாளர் உள்ளிட்ட பிற மருத்துவமனை ஊழியர்களுக்கும் ஊதிய விகிதங்களை வகுத்தது. அவர்கள் தொழிலாளர்கள் என்பதால் சட்டத்தின் துணை கிடைத்தது. ஆஷா பணியாளர் தன்னார்வலர் என்பதால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவரை எட்டவில்லை.

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013-இல் நடைபெற்ற 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நின்றுபோனது.

தில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே...

ஆஷா மத்திய அரசின் திட்டம் என்பதால் பொறுப்பும் மத்திய அரசுக்கே என்றது கேரள அரசு. 2016-இல் ரூ.1,000-ஆக இருந்த மதிப்பூதியத்தைப் படிப்படியாக உயர்த்தியது தாங்களே என்றும், தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் 2023-24-ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய ரூ.600 கோடிக்கும் அதிகமான தொகை வரவில்லை என்றும் அது கூறியது. கேரளத்துக்குத் தர வேண்டியது அனைத்தும் தரப்பட்டுவிட்டதாகவும், பயன்பாட்டுச் சான்றிதழே வந்துசேரவில்லை என்றும் 2025 மார்ச் மாதம் மாநிலங்களவையில் மத்திய சுகாதார அமைச்சர் ஜே.பி. நட்டா பதிலளித்தார். இரு அரசுகளின் கணக்கு வழக்குகளுக்கு இடையே, நடைபாதையில் இருந்த பெண்களின் கணக்கு தீராமலே இருந்தது.

அதே மார்ச் மாதம், புதுச்சேரி முதல்வர் என். ரங்கசாமி தமது மாநிலத்தில் ஆஷா பணியாளர்களுக்கான தொகை ரூ.10,000-லிருந்து ரூ.18,000-ஆக உயர்த்தப்படும் என்று அறிவித்தார். சிறிய யூனியன் பிரதேசத்தால் முடிவது தங்களால் ஏன் முடியாது என்ற கேள்வி திருவனந்தபுரத்தில் எழுந்தது. புதுச்சேரியைப் போலன்றி, கேரளத்தில் ஆஷா பணியாளர்களின் எண்ணிக்கை சுமார் 26,000 என்பதையும் மறுக்க இயலாது. ஒவ்வொருவருக்கும் மாதம் ரூ.1,000 உயர்த்தினால் ஆண்டுக்கு ரூ.31 கோடிக்கு மேல் தேவைப்படும். கேட்ட ரூ.14,000 உயர்வுக்கு ரூ.430 கோடியைத் தாண்டும்.

மத்திய அரசு, வழக்கமான பணிகளுக்கான மாத ஊக்கத்தொகையை ரூ.2,000-லிருந்து ரூ.3,500-ஆகவும், பத்தாண்டுப் பணிக்குப் பிறகு விலகுவோருக்கான தொகையை ரூ.20,000-லிருந்து ரூ.50,000-ஆகவும் உயர்த்த முடிவு செய்திருப்பதாக 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அக்டோபர் 29-ஆம் தேதி அப்போதைய முதல்வர் பினராயி விஜயன் மதிப்பூதியத்தில் ரூ.1,000 உயர்வை அறிவித்தார். நவம்பர் முதல் அது ரூ.8,000 ஆனது. கேட்டது ரூ.14,000, கிடைத்தது அதில் பதினான்கில் ஒரு பங்கு. நவம்பர் 1-ஆம் தேதி தலைநகரில் களத்தைக் கலைத்த சங்கம், மாவட்டங்களில் போராட்டத்தைத் தொடர்வதாக அறிவித்தது.

இந்த உயர்வால் நாள் ஒன்றுக்குக் கூடியது சுமார் ரூ.33. அதைவிடப் பெரிய கவலை முதுமை. கேரளத்தில் இத்திட்டம் நடைமுறைக்கு வந்த 2007-இல் நாற்பத்து நான்கு வயதில் பணியில் சேர்ந்த பெண்ணுக்கு, போராட்டம் நடந்த ஆண்டில் வயது 62. பதினெட்டு ஆண்டுகள் ஊராரின் ரத்த அழுத்தத்தையும் குழந்தைகளின் தடுப்பூசித் தேதியையும் ஏட்டில் குறித்துவைத்த அவருக்கு, ஓய்வூதியமோ பணிக்கொடையோ உரிமையாகக் கிடையாது. அவர் செய்தது வேலைதான் என்று மத்திய அரசும் மாநில அரசும் ஒப்புக்கொள்ளும் வரை, ஆயிரம், இரண்டாயிரம் உயர்வுகளால் அவரது கடைசிக் காலத்துக்கு உத்தரவாதம் கிடைக்கப் போவதில்லை.