கல்லூரிக் கணித ஆசிரியரின் திறன்கள்

கல்லூரிக் கணித ஆசிரியரின் திறன்கள் என்பவை பாட அறிவையும் அதனை மாணவர் விளங்கிக்கொள்ளுமாறு வழங்கும் ஆற்றலையும் உள்ளடக்கியவை ஆகும். இவ்விரண்டும் இணைந்த அறிவை ஒரு தனி வகையாக அமெரிக்கக் கல்வியியலாளர் லீ சுல்மன் 1986 இல் எடுத்துக்காட்டினார்.

எல்லையின் வரையறையில் முதலில் எப்சைலன் தரப்படும். அதற்கேற்ற டெல்ட்டா பின்னரே தேடப்படும். மாணவர் பலர் இவ்வரிசையை மாற்றி, டெல்ட்டாவைக் கொண்டு எப்சைலனைத் தேடுவர். அவ்வாறாயின் 0 இல் தாவும் படிச்சார்புக்கும் அங்கு எல்லை உண்டென்றாகிவிடும். தவறு எனக் கோடிடுவது எளிது. அச்சார்பைக் கொடுத்து மாணவரையே சோதிக்கச் செய்வதே ஆசிரியத் திறன்.

இந்தியாவில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியருக்குக் கல்வியியல் பட்டம் தேவை. கல்லூரிப் பணிக்கு அது கட்டாயமன்று. கணித அறிவியலுக்கான தேசியத் தகுதித் தேர்வு (நெட்) கொள்குறி வகையினது. விளக்கும் திறன் அதில் சோதிக்கப்படுவதில்லை.