ஒளியின் விலை - 7: சரளைக்குள் கிடந்த கருங்கல்

மழை பொய்த்த வருஷங்களில் விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதனுள் அமிழ்ந்த பழைய தெல்தெனியப் பட்டினத்தின் சிதைந்த சுவர்கள் சேற்றிலிருந்து தலைதூக்குவதைக் கண்ட கண்டிவாசிகள் அக்காட்சியை இலகுவில் மறப்பதில்லை. பொல்கொல்லை, கொத்மலை, விக்டோரியா என்று மகாவலியை நம்பியே விளக்கேற்றிய நமக்கு, ஆறு இளைத்தால் விளக்கும் அணையும் என்பதை 1996ஆம் ஆண்டு வறட்சி துயரத்தோடு உணர்த்திற்று. அதன்பின் இந்நாடு எந்த நெருப்பை நாடிற்று, எதை நாடாது விட்டது என்பதே இவ்வார விஷயம்.

நாடாது விட்ட அணு நெருப்பின் பூர்வ கதையில் நம் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. கண்டிச் சீமையின் கைவினைகளை ஆராய்ந்து 1908இல் பெருநூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, அதற்குமுன் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக இருந்த காலத்தில், சப்பிரகமுவ ரத்தினச் சரளையில் அகப்பட்ட ஒரு கனிப்பொருள் 1904இல் தோரியனைட் என்னும் நாமம் பெற்றது. மிளகுமணிபோற் சிறிய, கன்னங்கரிய, சதுர முகங்கள் கொண்ட கல். உள்ளங்கையில் வைத்தால் அதே அளவு இரும்பைவிடக் கனக்கும். மறு வருஷம் லண்டனில் விஞ்ஞானி ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞர் இக்கல்லிலிருந்தே ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார்; அவரே 1938இல் யுரேனிய அணு பிளவுறுவதையும் கண்டவர். அணுயுகத்தின் வாசற்படியில் நம் ஊர்ச் சரளை கிடந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

1954இல் ரஷ்யாவின் ஒப்னின்ஸ்கிலும் 1956இல் இங்கிலாந்தின் கால்டர் ஹாலிலும் மின்சாரமாய் வெளிப்பட்ட அணுசக்தி, 1990களின் நடுவில் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 17 வீதத்தை எட்டி, இன்று 9 வீதமளவுக்கு இறங்கியிருக்க, நிலக்கரியோ மூன்றிலொரு பங்கை இன்னும் விடாது பற்றி நிற்கிறது. 1986இல் செர்னோபிலும் 2011 மார்ச்சில் புக்குஷிமாவும் விதைத்த அச்சமே இதற்குக் காரணமென்பர். என் அபிப்பிராயத்தில் அது பாதிக் காரணமே. அணு உலைக்கு முதலெல்லாம் முன்கூட்டியே வேண்டும், கட்டி முடிக்கப் பல்லாண்டு வேண்டும், அத்தனை ஆண்டும் வட்டி ஏறும். நிலக்கரி நிலையமோ சில வருஷங்களில் எழுந்துவிடும், எரிக்க எரிக்கக் காசு கொடுத்தால் போதும்.

புக்குஷிமா உருகிய அதே மாதத்தில்தான் நம் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் திறந்துவைக்கப்பட்டது; 2014இல் அது 900 மெகாவாட்டாக வளர்ந்தது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, படகுகளில் இறக்கப்படும் அக்கரி, தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருவதில்லை. ஆகவே முன்கூட்டியே மலையாகக் குவித்துவைக்கவேண்டும். கரித்தூளும் சாம்பலும் காற்றோடு தோட்டங்களிற் படிகின்றன என்று அயலிலுள்ள குடியானவர்கள் முறையிட்டு வருகிறார்கள். ஒரே நாளில் உலகை நடுங்கவைக்கும் விபத்துக்கு அஞ்சுகிறோம். நாள்தோறும் மூச்சில் கலக்கும் தூளுக்கு அஞ்சாதிருப்பது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

ஆயினும் அணு உலையை இங்கே நாட்டாததற்கு வலுவான நியாயமும் உண்டு. உச்சத் தேவையே சுமார் 2,500 மெகாவாட் ஆன ஒரு தீவில், 1,000 மெகாவாட் உலையொன்று திடீரென நின்றால் நாடு முழுவதும் இருண்டுவிடும். ஆனால் உலை இல்லாமலே நாடு இருண்டதும் உண்டு. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க டொலரின்றிப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, எங்கள் வீதியில் ஒரு தாயார் மெழுகுதிரியை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை மகளின் புத்தகத்தருகிலும் மறுபாதியை அடுப்படியிலும் வைத்ததைப் பார்த்தேன். அவ்விரவில் மன்னார்க் கடலுக்கு அப்பால், கூடங்குளத்தில், 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு இருந்தன. அவற்றின் கதை அடுத்த வாரம்.